வீணைக்கு மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?

மகளுக்கு ஓர் ஏகாண்ட வீணை வாங்கியிருக்கிறோம். விலை 85,000 ரூபாய். தஞ்சாவூரில் முன்பணம் கொடுத்த அன்று தொடங்கிய கேள்விகளுக்கு இன்றுவரை பதில் சொல்லி மாளவில்லை. "ஒரு வீணைக்கா இவ்வளவு?" என்கிறார் நாத்தனார். "எட்டாயிரத்துக்குக் கீபோர்டு கிடைக்குதேம்மா, அதுல எல்லா வாத்தியமும் கேட்குமே" என்கிறார் மாடி வீட்டு மாமா. கோயிலில் பார்த்த ஒன்றுவிட்ட சித்தி, "கச்சேரி பண்ணப் போறாளா, டிவியில வரப் போறாளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

நாத்தனார் மகன் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு பைக் எடுத்தான். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் கூடி நின்று வாழ்த்தினோம். கல்லூரி நாலு கிலோமீட்டர், வாசலிலேயே பஸ். இருந்தும் இந்த விலையில் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மேடைப் பூ அலங்காரத்துக்கு மட்டும் கொடுத்த தொகையில் இரண்டு நல்ல வீணை வாங்கலாம். மறுநாள் காலை மண்டபத்துக்காரர்கள் அத்தனை பூவையும் வாரிக் குப்பை வண்டியில் போட்டார்கள். அந்தச் செலவை நான் குறை சொல்லவில்லை, அவரவர் ஆசை அவரவருக்கு. ஆனால் அங்கெல்லாம் வாய் திறக்காதவர்களுக்கு வீணை என்றதும் மட்டும் எங்கிருந்து இவ்வளவு சிக்கன புத்தி வருகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

விலை ஏன் அவ்வளவு என்பதையாவது கொஞ்சம் கேளுங்கள். ஒட்டு வீணையில் குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்ப்பார்கள். ஏகாண்ட வீணையில் மூன்றும் ஒரே பலாமரத் துண்டிலிருந்து வர வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு, நடுவில் வெடிப்போ புழுத்துளையோ இல்லாத முற்றின பலாமரம் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் உடனே உளி வைக்க முடியாது, ஈரம் போகக் காய வேண்டும். பிறகு குடத்தை உள்ளே குடைகிறார்கள். சுவர் கனமாக நின்றால் நாதம் அடைத்துக்கொள்ளும், அளவுக்கு மீறி மெலிந்தால் மரம் தாங்காது. எங்கே நிறுத்துவது என்பது அளவுகோலில் இல்லை, ஆசாரியின் கையிலும் காதிலும் இருக்கிறது. குடைந்துகொண்டே தட்டிப் பார்க்கிறார், மறுபடி குடைகிறார். பட்டறையில் நான் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் மெட்டு. ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்லப்படும் 24 மெட்டு அமைப்புதான் இன்றைய தஞ்சாவூர் வீணை. தேன்மெழுகில் கரித்தூள் முதலியவை சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரு பக்கமும் சட்டம்போல் எழுப்பி, அதில் 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டுப் பதிக்க வேண்டும். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். ஒரு மெட்டு இம்மி விலகினாலும் அந்த ஸ்வரம் பொய் பேசும். நம் ஊர் வெயிலுக்கு மெழுகு இளகும், மெட்டு நகரும், சில காலத்துக்கு ஒருமுறை திரும்பக் கட்ட வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை ஊரில் இருக்கிறார்கள்? எங்கள் ஊரில் இல்லை. அதற்கும் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.

"கத்துக்கிற பிள்ளைக்கு மலிவா ஒண்ணு போதாதா?" இதை நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் இந்தக் கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. வயலினில் வில் ஓடும்வரை நாதம் ஓடும். குழலில் மூச்சு இருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். வீணையில் அப்படி இல்லை. ஒரு தடவை மீட்டினால் அந்த நாதம் பிறந்த நொடியிலிருந்தே தேய்ந்துகொண்டு வரும். தோடியின் காந்தாரத்தை அசைப்பதானாலும் சரி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொடுவதானாலும் சரி, அந்த ஒரு மீட்டின் ஆயுளுக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். அந்த ஆயுளைத்தான் கார்வை என்கிறோம். கார்வை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மரமும், குடம் குடைந்த விதமும், குதிரையின் மேல் உள்ள உலோகத் தகடு தேய்க்கப்பட்ட நேர்த்தியும் தீர்மானிக்கின்றன. பிள்ளையின் சாமர்த்தியம் அதற்கு அப்புறம்தான்.

என் மகள் சில வருஷம் பழைய ஒட்டு வீணையில் வாசித்தாள். கமகத்துக்காகத் தந்தியை இழுப்பாள், இழுத்து முடிப்பதற்குள் ஒலி செத்துப்போகும். அதனால் மறுபடி மீட்டுவாள். ஒரே மீட்டில் வர வேண்டிய பிடி மூன்று மீட்டில் வந்தது. அவளுடைய டீச்சர் ஒரு நாள் தன் வீணையை அவள் மடியில் வைத்து அவள் வாசித்துவந்த பைரவி வர்ணத்தை வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு வந்த பைரவி அதுவரை எங்கள் வீட்டில் கேட்காத பைரவி. "அவ கையில குறை இல்லம்மா, வாத்தியத்துலதான் குறை. இதுலயே விட்டா தப்பாவே பழகிடுவா" என்றார் டீச்சர். கருவி மலிவாக இருந்தால் பிள்ளை மெதுவாகக் கற்றுக்கொள்ளும் என்று மட்டும் நினைக்காதீர்கள். காதும் விரலும் தவறான இடத்தில் படிந்துவிடும். பிறகு அதைத் திருத்த வருஷக்கணக்காகும்.

இனி பணத்தின் கதை. வங்கியில் கேட்டோம். பைக் என்றால் வாகனக் கடன், குறைந்த வட்டி, அன்றைக்கே கையெழுத்து. வீணை என்றால் தனிநபர் கடன்தானாம், வட்டி கூடுதல். மாணவிக்கான கருவிதானே, கல்விக்கடனில் வராதா என்றேன். பட்டப் படிப்பாக இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் என் இரண்டு வளையல்களை அடகு வைத்தோம். மீதிக்குச் சீட்டு எடுத்தோம். அந்த வளையல்கள் வாங்கிய நாளிலிருந்து பெரும்பாலும் பெட்டியில்தான் கிடந்தன. அவற்றை வாங்கும்போது எதற்கு என்று கேட்காதவர்கள், வீணைக்காக அடகுக்குப் போனபோது துக்கம் விசாரிப்பதுபோல் போன் பண்ணினார்கள். "வித்தா என்னம்மா வரும்?" என்று ஒருவர். எதையாவது விற்பதற்காகத்தான் வாங்க வேண்டுமா? அப்படியே பார்த்தாலும், நல்ல மரத்தில் நல்ல கை செய்த வீணை பழகப் பழகக் கனியும். பழைய வீணையைத் தேடி அலைகிற வித்வான்கள் உண்டு. பைக்குக்கு ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. "நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போனா வீணை மூலைக்குத்தானே போகப் போகுது?" இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் இரண்டு பேருடைய வீணை உண்மையாகவே மூலைக்குப் போனது. தந்தி துருப்பிடித்து, உறை போட்டு, பரண்மேல் ஏறி, சரஸ்வதி பூஜைக்கு மட்டும் இறங்கிச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்கிறது. அவர்கள் விட்டதற்கு அவர்கள் காரணம் இல்லை, புகுந்த வீட்டில் உட்கார்ந்து வாசிக்க யாரும் நேரம் கொடுக்கவில்லை. அந்த வலி எனக்குப் புரிகிறது. அதற்காக அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் இப்போதே பரணில் இடம் ஒதுக்க வேண்டுமா? வீணை தனம்மாள் வாசித்த மண் இது. ஒரு பெண் வாழ்நாள் முழுக்க வீணையோடு இருக்க முடியும் என்பதை நமக்கு யாரும் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டிலேயே அந்தக் குறியீடு பெற்ற முதல் இசைக்கருவி என்று எல்லாரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்தப் பெருமைக்குரியவரிடம் போய் நின்று, "பத்தாயிரம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று பேரம் பேசுகிறோம். எங்களோடு வந்த உறவினர் ஒருவர் அப்படித்தான் பேசினார். ஆசாரி கோபிக்கவில்லை. மரத்தின் விலையையும், செதுக்குகிறவர் கூலியையும், மேளம் கட்டக் கொடுக்கும் கூலியையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "மிச்சம் எனக்கு எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். தன் மகனை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவரவில்லை என்றும் சொன்னார். ஷோரூமில் அச்சடித்த விலையைக் கேள்வி கேட்காமல் கட்டுகிற நமக்கு, மரத்தூள் படிந்த கையைக் கண்டால் மட்டும் பேரம் நாக்கில் வந்து நிற்கிறது.

அரசிடமும் ஒரு வார்த்தை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். குறைந்த கட்டணத்தில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய பள்ளிகள் அவை. ஆனால் அந்த ஏழில் வீணை இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு வீணைமேல் ஆசை வந்தால், தனியாகச் சம்பளம் கொடுத்து, தனியாகக் கருவியும் வாங்கியாக வேண்டும். எங்களுக்காவது அடகு வைக்க வளையல் இருந்தது. அதுவும் இல்லாத வீட்டில் அந்த ஆசை வாய்விட்டுச் சொல்லப்படாமலே போய்விடும். அந்தப் பள்ளிகளில் வீணையைச் சேர்க்க வேண்டும். படிக்கும் காலம்வரை வீட்டுக்கு எடுத்துப்போக நல்ல கருவியைப் பள்ளியே கொடுக்க வேண்டும். பட்டறை ரசீதைக் காட்டினால் வாகனக் கடன் வட்டியில் கருவிக்கும் வங்கிகள் கடன் தர வேண்டும்.

உங்கள் வீட்டில் வீணை கேட்கும் பிள்ளை இருந்தால், கொஞ்ச காலம் பொறுத்து, பணம் சேர்த்து, நல்ல வீணையாகவே வாங்கிக் கொடுங்கள். செய்து தருகிறவரிடம் பேரம் பேசாதீர்கள்.