நரைமுடியும் ஒரு சாட்சிதான்

இருபது வயசுல நரைச்சா நாம என்ன சொல்வோம்? பித்தம், தண்ணி சரியில்ல, டென்ஷன். பெரும்பாலும் அதுல பயப்பட ஒண்ணுமில்லைதான். ஆனா சில குடும்பங்கள்ல அந்த இளநரை ஒரு முக்கியமான துப்பு.

குரோமோசோமோட நுனியில டெலோமியர்னு ஒரு பகுதி இருக்கு. புடவை முந்தானை பிரியாம இருக்க குஞ்சம் கட்டுவாங்களே, அந்த மாதிரி. செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் இது கொஞ்சம் தேயும். ரொம்பத் தேஞ்சா செல் பிரியறதையே நிறுத்திடும். இந்தத் தேய்மானத்தை ஈடுகட்டறது டெலோமெரேஸ்ங்கற என்சைம். 1984ல கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் கண்டுபிடிச்சாங்க. 2009ல ஜாக் ஷோஸ்டாக்கோட சேர்த்து நோபல் பரிசும் வாங்கினாங்க.

அந்த என்சைமுக்கான மரபணுவுலயே பிழை இருந்தா? ஓயாம ரத்தம் தயாரிக்கற ஸ்டெம் செல்கள் சீக்கிரமே கிழடாயிடும். எலும்பு மஜ்ஜை காலியாகும். டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டாங்கற நோய்ல நகம் சிதையும், தோல்ல வலை மாதிரி கருமை படரும், வாய்க்குள்ள வெள்ளைத்திட்டு வரும். பார்த்தாலே சந்தேகம் வந்துடும். சிக்கல் எங்கன்னா, வெளியே எதுவுமே தெரியாதவங்ககிட்ட. சாதாரண ஏபிளாஸ்டிக் அனீமியான்னு நினைச்ச சிலருக்கும் டெர்ட்ங்கற டெலோமெரேஸ் மரபணுவுல பிழை இருந்ததை 2005ல வெளியான ஓர் ஆய்வு காட்டுச்சு. இவங்களுக்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கற வழக்கமான மருந்து பெரிசா கேட்காது.

மஜ்ஜை மாற்றலாம்னா தம்பி ஓடி வருவான். எச்.எல்.ஏ.வும் பொருந்திடும். ஆனா பெற்றோர்ல ஒருத்தர்கிட்டேருந்து வந்த பிழையா இருந்தா, அது தம்பிகிட்டயும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவன் நல்லாத்தான் இருப்பான், ஆனா அவன் கொடுக்கறதும் தேய்ஞ்ச செல்லா இருக்கலாம். ரத்தத்துல டெலோமியர் நீளத்தை அளக்க ஃப்ளோ-ஃபிஷ்னு ஒரு சோதனையும், மரபணு சோதனையும் இருக்கு. தம்பிக்கும் அதைச் செஞ்சுட்டுத்தான் மஜ்ஜை எடுக்கணும்ங்கறது என் கட்சி.

அதுக்கு முதல்ல சந்தேகம் வரணுமே! தாத்தாவுக்கு நுரையீரல் இறுகிப் போச்சு, அப்பாவுக்குக் குடிக்காமலே கல்லீரல் சுருங்கிடுச்சு, அத்தைக்கு இருபதுலயே நரை, பையனுக்கு ரத்தம் ஊறலை. நமக்கு இது நாலு பேரோட நாலு தலையெழுத்து. உண்மையில ஒரே மரபணுப் பிழையா இருக்கலாம். தலைமுறை போகப் போக இன்னும் சின்ன வயசுலயே வரவும் செய்யும்.

நம்ம வீடுகள்லயோ நோயைப் பத்திப் பேசறதே கௌரவக் குறைச்சல். பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட மறைக்கறதை டாக்டர்கிட்டயும் மறைச்சா எப்படிங்க? அவர் கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க, அத்தையோட நரைமுடி உட்பட.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இளநரை இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம் :-)