ரிமோட்டை அழுத்தினால் ஷட்டர் ஏறவில்லையா?

சென்ற வாரம் வாசகி ஒருவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. காலையில ஆறு மணிக்கு மாமனாரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். ரிமோட்டை அழுத்துறேன், டக்குனு ஒரு சத்தம் வருது, ஷட்டர் அசையல. கடைசியில ஆட்டோ பிடிச்சுப் போனோம். மதியம் ஷட்டர்காரர் வந்து ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டார். என்ன பண்ணினார்னே தெரியல."

அவர் சொன்னதில் முக்கியமான விஷயம் அந்த 'டக்' சத்தம்தான். ஷட்டர் மக்கர் பண்ணும்போது முதலில் கண்ணை விடக் காதுக்குத்தான் வேலை.

எந்தச் சத்தமும் இல்லையா? மோட்டாருக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது ரிமோட் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. எம்சிபி கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்துங்கள். அதில் ஏறினால் குற்றவாளி ரிமோட். டிவி ரிமோட்டை செல்போன் கேமரா முன் அழுத்தி வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்போமே, அந்த வித்தை இங்கே பலிக்காது. இது ரேடியோ அலையில் வேலை செய்வது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சுண்டு விரல் நுனி அளவுள்ள 12 வோல்ட் பேட்டரி. அதிலேயே 23ஏ, 27ஏ என்று இரண்டு அளவு உண்டு. பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போனால் இரண்டாவது நடை மிச்சம். சில ரிமோட்டுகளில் பூட்டுப் படம் போட்ட பொத்தான் இருக்கும். குழந்தை கையில் ரிமோட் கிடைத்து அதை அழுத்தியிருந்தால் மற்ற பொத்தான்கள் மௌனமாகிவிடலாம். ரிமோட்டோடு வந்த காகிதத்தில் அதை விடுவிக்கும் வழி இருக்கும்.

வாசகி கேட்ட 'டக்' வேறு கதை. ரிமோட் பேசியது பெட்டிக்குக் கேட்டுவிட்டது, பெட்டிக்குள் ரிலே தட்டியது, ஆனால் மோட்டார் சுழலவில்லை. அதற்குச் சற்று முன் ஷட்டரை நாலைந்து தடவை ஏற்றி இறக்கியிருந்தால் மோட்டார் சூடாகித் தானே அணைந்திருக்கும். இந்த மோட்டார்கள் கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுக்கத்தான் செய்யப்பட்டவை. இருபது நிமிடம் விட்டால் எழுந்துவிடும். காலை ஆறு மணிக்கு முதல் தடவையே இப்படி என்றால், ஷட்டர் மேலேயும் கீழேயும் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் லிமிட் சுவிட்ச் தூசியில் சிக்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை என்பதால் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

'உம்ம்...' என்று முனகிக்கொண்டே ஏறாமல் நின்றால் உடனே ஸ்டாப்பை அழுத்துங்கள். "இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்போம்" என்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய சேதம். ராத்திரி அப்பா ஒரு பாதுகாப்புக்கு சைடு லாக்கைப் போட்டிருப்பார். காலையில் மகன் ரிமோட்டை அழுத்துவான். மேலே மோட்டார் இழுக்கும், கீழே பூட்டு விடாது. நடுவில் தகடுகள் அகப்பட்டு வளையும். ஐந்நூறு ரூபாயில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும். எனவே முனகல் கேட்டால் முதலில் குனிந்து பூட்டைப் பாருங்கள். அடுத்து, இரண்டு பக்கமும் தகடு ஓடும் கைடு. பின்னால் வந்த வண்டி லேசாக இடித்திருந்தாலும் கைடு நசுங்கித் தகட்டைக் கவ்விக்கொள்ளும். பூட்டும் கைடும் சரியென்றால் கண்டென்சர் பலவீனமாகியிருக்கலாம். சீலிங் ஃபேன் முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்குமே, அதே நோய். கரன்ட்டை அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மோட்டார் ஜோராக ஓடுகிறது, ஷட்டர் மட்டும் அசையவில்லை என்றால் மோட்டாரையும் மேலே இருக்கும் உருளையையும் இணைக்கும் செயின் கழன்றிருக்கலாம். ஷட்டரின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. குனிந்து எட்டிப் பார்ப்பதும் கூடாது.

இது எல்லாமே கரன்ட் இருக்கும்போது. நான் இந்த வாரம் இதை எழுதக் காரணம் கரன்ட் இல்லாத நாள்.

மழைக்காலம் வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பட்டவர்கள், அடுத்த மழைக்கு முன்னாலேயே காரை ஏற்றி நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். தெருவில் தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் ஷட்டர் திறக்காவிட்டால் கார் உள்ளேயே குளிக்க வேண்டியதுதான்.

கார் போனால் போகட்டும். 2017 அக்டோபரில் வடக்கு கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் போய், கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உயிரையே இழந்தார்கள். அங்கே அதற்காகவே சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 ஜூலை 1 முதல், அந்த மாநிலத்தில் வீடுகளுக்கு விற்கும் கராஜ் கதவு மோட்டாரில் பேட்டரி இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால், கதவு மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புப் பிடி போட்ட கயிற்றைப் பற்றிக் கேட்டு வையுங்கள். மூடியிருக்கும் கதவை மோட்டாரிலிருந்து விடுவித்துக் கையால் தூக்க அதுதான் வழி. கதவு திறந்திருக்கும்போது அதை இழுத்தால், ஸ்பிரிங் உடைந்திருக்கும் பட்சத்தில் கதவு மொத்தமாகக் கீழே விழும்.

நம் ஊர் ஷட்டருக்கு வருவோம். பக்கவாட்டில் மோட்டார் இருந்தால் அதிலிருந்து கையால் இழுக்கும் செயின் ஒன்று தொங்கும். தொங்க வேண்டும். பல வீடுகளில் "அசிங்கமா இருக்கு" என்று சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். இருட்டில், கணுக்கால் தண்ணீரில், ஏணி போட்டு அதை அவிழ்க்க முடியுமா? இன்றே அவிழ்த்து, கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். மோட்டாரின் மெயினை அணைத்துவிட்டு ஒரு பக்கம் இழுத்தால் ஏறும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும். நிதானமாகத்தான் ஏறும். வீட்டில் இருக்கும் எல்லோரும், முக்கியமாகப் பகலில் தனியாக இருப்பவர், ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். சில மோட்டார்களில் பிரேக்கை விடுவிக்கும் கயிறு ஒன்றும் தனியாக இருக்கும். இழுத்தால் ஷட்டர் தன் எடையிலேயே இறங்கும். எது செயின், எது கயிறு என்று ஷட்டர்காரரிடம் கேட்டுக் கலர் டேப் சுற்றி வையுங்கள்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. செயின் இருப்பது ஷெட்டுக்கு உள்ளே. வீட்டிலிருந்து ஷெட்டுக்குள் போக வேறு கதவு இல்லையென்றால், கரன்ட் போன நேரத்தில் நீங்கள் வெளியே நிற்பீர்கள், செயின் உள்ளே தொங்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஷட்டருக்கான பேட்டரி பேக்கப் ஆடம்பரம் இல்லை. மோட்டார் உருளைக்குள்ளேயே இருக்கும் வகையில் செயின் கிடையாது. சிலவற்றில் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி இருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. புதிதாகப் போடுபவர்கள் விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

தண்ணீர் ஏறிய ஷெட்டில் ஷட்டரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். ஷட்டர் முழுக்க இரும்பு. ஒயர் எங்கேயாவது நனைந்து கசிந்தால் மொத்தத் தகட்டிலும் ஷாக் அடிக்கும். மோட்டாருக்குச் சரியான எர்த், வீட்டுக்கு ஆர்சிசிபி, இரண்டும் இருக்கிறதா என்று மழைக்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

மோட்டார் இல்லாத, கையால் தூக்கும் கடை ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்று வரை ஒரு கையால் ஏறியது இன்று கல்லாகக் கனத்தால், மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தம். 10 அடி அகலம், 8 அடி உயரத்துக்கு 18 கேஜ் தகடு போட்டிருந்தால் தகடு மட்டுமே 70 கிலோவைத் தாண்டும். இத்தனை நாள் அந்த எடையைத் தாங்கியது ஸ்பிரிங்தான். "நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்" என்று தூக்கி, ஒருவர் கை நழுவினால் பாதத்தில் விழும். இன்னும் உடையாமல் முறுக்கோடு இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்ற முயல்வது அதைவிட ஆபத்து. ஸ்பேனர் சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். இதில் யூடியூப் பார்த்து இறங்காதீர்கள்.

எண்ணெய் விஷயம். கிறீச் சத்தம் கேட்டால் கைடில் தேங்காய் எண்ணெய் விடுவது பல வீடுகளில் வழக்கம். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசுக்காகி அதுவே தகட்டைப் பிடித்துக்கொள்ளும். கைடை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் போதும். கடலோரத்தில் இருப்பவர்கள் அடிக்கடி செய்ய வேண்டும், உப்புக் காற்று கைடைத்தான் முதலில் தின்னும்.

கடைசியாக, செல்போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் இரண்டு போட்டோ எடுங்கள். ஒன்று, மோட்டாரில் ஒட்டியிருக்கும் லேபிள். எத்தனை கிலோ மோட்டார், என்ன மாடல் என்று அதில் இருக்கும். அதை அனுப்பினால் ஷட்டர்காரர் சரியான பாகத்தோடு ஒரே நடையில் வருவார். இரண்டாவது, ஷட்டர் மேலேயே பெயின்ட்டில் எழுதியிருக்கும் அவருடைய போன் நம்பர். ஷட்டர் பாதியில் சுருண்டு மேலே மாட்டிக்கொண்டால், அந்த நம்பரும் அதோடு சேர்ந்து சுருண்டிருக்கும்.