மார்க் போட்ட டீச்சர் சொல்கிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் எழுதியதாச்சே என்று பொறுமையாக வாசியுங்கள்.

என் தங்கையின் பேத்திக்கு ஆறு வயது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம். வாய் ஓயாமல் பேசுவாள், கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வாள். வலது கையும் காலும்தான் அவள் பேச்சைக் கேட்காது. மாதம் இரண்டு தடவை மதுரையில் ஒரு தெரபி சென்டருக்குக் கூட்டிப் போகிறார்கள். போன மாதம் துணைக்கு நானும் போனேன்.

அங்கே ஒரு பெரிய டிவி, அதன் மேல் ஒரு கேமரா. பிள்ளை முன்னால் நின்று கையைத் தூக்கினால் திரையில் உள்ள பொம்மையும் கையைத் தூக்குகிறது. மரத்துப் பழத்தைத் தொட்டால் கூடையில் விழுகிறது. வீட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் பத்துத் தடவைக்கு மேல் கையைத் தூக்காதவள், பழம் பறிக்கிற ஆசையில் அறுபது எழுபது தடவை தூக்கினாள். வியர்த்துக் கொட்டியது, சிரிப்பு அடங்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு, யாரோ கையைப் பிடித்து இழுத்து மடக்கி விடுவதைவிட, தானாக ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் பலன் தரும் என்று தெரபிஸ்ட் சொன்னார். வகுப்பில் நாம் கண்டதும் அதுதானே?

பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கோடு காட்டினார். மூன்று மாதத்துக்கு முன் தோளிலிருந்து கை 40 டிகிரி தூக்கினாளாம், இப்போது 58. என் தங்கை மகள் அழுதுவிட்டாள். "கூடவே கிடக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே பெரியம்மா" என்றாள். தினமும் பார்க்கிற கண்ணுக்குச் சின்ன வளர்ச்சி தெரியாது. அதைக் கேமரா பிடித்துக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் நடையை அளக்கத் தனி அறையே இருக்கிறது. மூட்டுகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் உள்ள கேமராக்கள் முன்னால் நடக்க விடுவார்கள். ஒவ்வொரு அடியிலும் முட்டி எவ்வளவு மடங்கியது, பாதம் எப்படித் திரும்பியது என்று கணக்கு வந்துவிடும். அறுவை சிகிச்சை முடிவு செய்ய அந்த அளவு துல்லியம் வேண்டும். 2010-ல் மைக்ரோசாப்ட் வீடியோ விளையாட்டுக்காக 'கினெக்ட்' என்ற கேமராவைக் கொண்டு வந்தது. உடம்பில் எதையும் ஒட்டாமலே மூட்டுகளை அடையாளம் கண்டது. தெரபிஸ்டுகள் அதைப் பிள்ளைகளின் பயிற்சிக்குக் கொண்டு வந்தார்கள். இன்றைக்குச் சாதாரண போன் கேமராவே போதும். கூகுளின் ஒரு இலவச மென்பொருள் உடம்பில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறது.

கேமராவுக்கும் தப்பு வரும். தொளதொளப் பாவாடை கட்டியிருந்தால் முட்டி எங்கே என்று தெரியாமல் முழிக்கும். பிள்ளையை அம்மா பின்னால் நின்று தாங்கினால், எது யார் கை என்று குழம்பும். கோணலாக நிற்கும் பிள்ளையைத் தவறாகக் கணிக்கலாம். அதனால் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் இருக்க வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

கிளம்பும்போது அதே டிவியில் ஒரு பட்டியல் வந்தது. அன்றைக்கு விளையாடிய பிள்ளைகளின் பெயர்கள், வாங்கிய பாயின்ட் வரிசைப்படி. எங்கள் பிள்ளைக்கு இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரியும். தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். பஸ்ஸில் ராஜபாளையம் தாண்டும் வரை பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஆச்சி, நான்தான் கடைசியா?"

அடுத்த தடவை போக மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். 40-ஐ 58 ஆக்கிய பிள்ளை!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொண்ணூறுகளில் என் மூன்றாம் வகுப்பில் இதே மாதிரி ஒரு பையன் இருந்தான். பீடி சுற்றும் அம்மா, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போவார். "ஒரு மூலையில இருந்துக்கிடுவான் டீச்சர்" என்பார். ஜூன் மாதம் சிலேட்டில் கிறுக்க மட்டும் தெரிந்தவன், அரைப் பரீட்சைக்குள் கோணலாக 'ட' போட்டான், 'ப' போட்டான். நான் என்ன செய்தேன்? நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தோடு அவன் கையெழுத்தையும் வைத்துப் பார்த்து முட்டை போட்டேன். ரேங்க் கார்டில் கடைசி எண். ஜனவரியில் அவன் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. ஆறு மாதத்தில் அவன் தாண்டிய தூரம் அந்த வகுப்பில் யாரும் தாண்டாதது. அதை அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஜூன் மாத சிலேட்டை நினைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

அதனால்தான் சொல்கிறேன். அசைவை அளக்கும் இந்தக் கருவி நல்லது. ஆனால் பிள்ளையை அதே பிள்ளையின் நேற்றோடு மட்டும்தான் அது ஒப்பிட வேண்டும். பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அது வெறும் ரேங்க் கார்டு. மூளை முடக்குவாதத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கை மட்டும் பாதிக்கும், இன்னொன்றுக்குக் கழுத்தே நிற்காது. இவர்களை எப்படி ஒரே வரிசையில் நிறுத்துவது? எண் குறைந்தாலும் பிள்ளையைக் குற்றம் சொல்லக் கூடாது. திடீரென்று உயரமாக வளரும்போது எலும்பின் வேகத்துக்குத் தசை வளராமல் இறுக்கம் கூடும், அளவு குறையும். காய்ச்சல் வந்தாலும் குறையும். கேமரா குறைந்ததைச் சொல்லும். ஏன் என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, மாதம் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு எத்தனை பேரால் போக முடியும்? கருவிதான் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அதற்கு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தச் சங்கத்தின் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' செயலியோடு பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்து, பிள்ளையின் நிலையைப் பதிகிறார்கள். தெரபிஸ்டுகள் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறார்கள். இப்படி வீடு தேடிப் போகிற ஒருவர் கையில் போன் கேமராவும் அசைவை அளந்து கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

என்னிடம் படித்தவர்களுக்கு மூன்று வேண்டுகோள். பெங்களூரிலும் வெளிநாட்டிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களே, இப்படி ஒன்றைத் தமிழில், நெட் இல்லாத வீட்டிலும் ஓடும்படி செய்யுங்கள். பிள்ளையின் வீடியோ அந்த வீட்டைத் தாண்டிப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் மட்டும் வேண்டாம். ஆசிரியராக இருப்பவர்களே, உங்கள் வகுப்பிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வட்டார வள மையத்தில் சொல்லுங்கள். சிறப்பாசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். வரவில்லை என்றால் தேடிப் போங்கள், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களே, ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை என்றால் "தானா சரியாயிரும்" என்று இருக்காதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

எங்கள் பிள்ளை திரும்பப் போகிறாள். பட்டியல் வருவதற்கு முன் டிவியை அணைத்துவிடும்படி சென்டரில் கேட்டுக்கொண்டோம், ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக் காலண்டரில் அவளே எழுதி வைக்கிறாள். நேற்று 58-ஐ அடித்துவிட்டு 61 என்று எழுதினாள். '6' திரும்பி இருக்கிறது. நான் திருத்தவில்லை.

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், பெயரை இங்கே போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
புளியங்குடி