அவகாடோ எண்ணெய்: பெயருக்கும் ஒரு விலை

குடகிலும் கொடைக்கானல் மலைச் சரிவுகளிலும் காப்பித் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட்டுக்கு நகரங்களில் இப்போது அவகாடோ என்று பெயர். பெயர் மாறியதும் மவுசு கூடிவிட்டது. பழக்கடையோடு நிற்காமல், எண்ணெயாகி முகக் க்ரீமிலும் ஷாம்பூவிலும் புகுந்துவிட்டது.

அழகு சாதனக் கம்பெனிகள் இதை நாடுவதில் நியாயம் உண்டு. கடலை, எள் போல விதையிலிருந்து அல்லாமல், ஆலிவைப் போலப் பழத்தின் சதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் இது. இதன் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் ஒலீயிக் அமிலம். கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈ. வறண்ட தோலில் தடவினால் ஈரப்பசை சட்டென்று ஆவியாகாமல் காக்கும், சொரசொரப்பைக் குறைக்கும். முடிக்குப் பளபளப்பு தரும்.

விளம்பரங்கள் அதோடு நிற்பதில்லை. சுருக்கம் மறையும், முடி அடர்த்தியாக வளரும் என்கின்றன. இதற்கெல்லாம் உறுதியான ஆதாரம் கிடையாது. முடி விஷயத்தில் தேங்காய் எண்ணெயும் இளைத்ததல்ல. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்களை ஒப்பிட்டது. முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும், அவகாடோ அந்தப் போட்டியில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பெரிய சிக்கல் கலப்படம். 2020இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையலுக்கான அவகாடோ எண்ணெயைச் சோதித்தார்கள். 82 சதவீத மாதிரிகள் கெடு தேதிக்கு முன்பே சிக்குப் பிடித்திருந்தன அல்லது வேறு எண்ணெய் கலந்திருந்தன. மூன்றில் இருந்தது கிட்டத்தட்ட முழுவதும் சோயா எண்ணெய்.

க்ரீம் வாங்குகிறவர்கள் முன்பக்கத்துப் பழப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பது நல்லது. அதிகம் உள்ள பொருள் முதலில் என்ற வரிசையில்தான் சேர்மானங்கள் இருக்கும். 'பெர்சியா கிராடிஸ்ஸிமா' என்பதுதான் அவகாடோ. அது வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் இருந்தால், பெரும்பாலும் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

ரப்பர் கையுறை ஒவ்வாத சிலருக்கு அவகாடோவும் ஒவ்வாது. புதிதாக உபயோகிப்பவர்கள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பார்ப்பது பாதுகாப்பு.

இத்தனைக்குப் பிறகும் புட்டியின் மேல் நம்பிக்கை வராதவர்கள் பழத்தையே வாங்கிச் சாப்பிடலாம். அதில் யாரும் சோயா எண்ணெய் கலக்கமுடியாது.