கறுப்புக் காரும் கிரவல் தூசும்

கறுப்புக் காரில் தெரியும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. இன்றைய கார்களில் நிறப்பூச்சுக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கும். அதன் தடிப்பு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோன். ஒரு தலைமயிரின் பருமன்கூட வராது. மண்துகள் உரசுவது இந்தப் படலத்தில்தான். வெள்ளைக் காரிலும் அதே கீறல் விழுகிறது. வெள்ளை நிறமே ஒளியை எங்கும் சிதறடிப்பதால் கீறல் அதற்குள் மறைந்துவிடும். கறுப்பு ஒளியை விழுங்கிவிடும், ஆகவே கீறலின் விளிம்பில் சிதறும் சிறு ஒளியும் தனித்துத் தெரியும். வெயிலில் சிலந்தி வலைபோலத் தோன்றும் வட்டங்களுக்கும் இந்தக் கீறல்களே காரணம். எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில் ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மினுங்குவதால் அவை வட்டமாகத் தெரிகின்றன.

வன்னியின் விசுவமடுவில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியை விட்டு கிரவல் ஒழுங்கைக்குள் இறங்கும் காருக்குத் தூசு தப்பாது. சோளகம் வீசும் மாதங்களில் நிறுத்தி வைத்த காரிலும் அது படியும். கிரவல் தூசில் கிளியர் கோட்டைவிடக் கடினமான மணல்துகள் உண்டு. அதனால் காலையில் புறப்படுமுன் காய்ந்த துணியால் ஒருமுறை துடைக்கும் வழக்கம்தான் கறுப்புப் பெயின்றுக்கு மிகப் பெரிய கேடு. தூசு படிந்த காரின்மேல் உறை போட்டு மூடினாலும் காற்றில் உறை அசைந்து அதே கீறலைப் போடும்.

கழுவும் முறையின் சாரம் இவ்வளவுதான்: தண்ணீர் முதலில், கை பிறகு. நிழலில், கார் சூடாக இல்லாத வேளையில், மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து மண்ணை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றதில் துணியை அலசும் தண்ணீர். துணி மைக்ரோஃபைபராக இருக்க வேண்டும். பழைய துவாயும் சாரத்துண்டும் உதவா. கூரை, பொனெட், கதவின் மேற்பகுதி என்று இறங்கி, மண் கூடிய கீழ்ப்பகுதியைக் கடைசியில் தொட வேண்டும். சில்லுகளுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகையும் கரைத்துக் கொண்டு போகும். மண்ணெண்ணெய் பூசினால் வரும் மினுக்கம் எண்ணெய்ப்பசையின் மினுக்கம், அடுத்த தூசு அதில்தான் ஒட்டும். காரைக் கழுவக் கொடுப்பவர்கள் சுத்தமான துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. முன்னர் துடைத்த உழவு இயந்திரத்தின் மண் கழுவுமிடத்தின் துணியில் இருக்கலாம்.

சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். புதுப் புள்ளிகள் நீர் கலந்த வினாகிரிக்குக் கரையும். பிறகு நன்றாக அலச வேண்டும். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு எடுப்பது நல்லது, மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. பறவை எச்சத்தை அன்றே நனைத்து, ஊறவிட்டு எடுக்க வேண்டும். வெயிலில் சூடேறும் கறுப்புப் பரப்பில் அதன் அமிலம் விரைவில் வடுவை உண்டாக்கும்.

கழுவிய பின்னும் விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால், ஒட்டிய துகள்களை டீட்டெய்லிங் களியால் ஈரத்தில் மெல்லத் தடவி எடுக்கலாம். அடுத்தது பொலிஷ். இங்கேதான் புதியவர்களுக்கு நிதானம் தேவை. பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. போன படலம் திரும்பாது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இங்கு ஓடும் கார்களில் பல பழையவை, ஏற்கெனவே பலமுறை தேய்க்கப்பட்டிருக்கலாம். நகம் சிக்கும் கீறலை விட்டுவிட வேண்டும். மற்றவற்றுக்கு மென்மையான பொலிஷ், கையால், ஒரு சிறு இடத்தில் பரீட்சித்த பிறகு.

மெழுகு எதையும் தேய்ப்பதில்லை, மூடுகிறது. பிரேசில் பனையொன்றின் இலையில் கிடைக்கும் கார்னோபா மெழுகு கறுப்புக்கு ஆழமான மினுக்கம் தரும். ஆனால் நம் வெயிலில் சில வாரங்களே நிற்கும். செயற்கை சீலன்ற் மாதக்கணக்கில் நிற்பதால் வன்னிக்கு அதுவே பொருத்தம். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் படரத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும். சோளகம் தொடங்குமுன் ஒருமுறையும் மாரிக்குமுன் ஒருமுறையும் பூசுவது நல்ல கணக்கு.