ரத்தம் போனால் எல்லாம் மூலமா?

ரத்தக் கொதிப்பு என்றால் அடுத்த வீட்டு மாமியிடம் கூட விஸ்தாரமாகச் சொல்கிறோம். மலத்தோடு ரத்தம் போனால் மட்டும் மூச்சு விடுவதில்லை. "மூலச் சூடு" என்று நாமே பெயர் வைத்து, மோரும் வெந்தயமுமாக மாதக் கணக்கில் காலந் தள்ளுகிறோம்.

சகோதரிகளே, ரத்தம் போவதெல்லாம் மூலம் அல்ல. ஆசன வாய்க்குச் சற்று மேலே, மலக்குடலின் உட்புறத்தில் புண் உண்டாவதும் உண்டு. ரத்தத்தோடு சளி போலவும் போகும். எத்தனை முறை போய் வந்தாலும் இன்னும் பாக்கி இருப்பதாகவே தோன்றும். 1969-ல் மாடிகன், மார்ஸன் என்ற இரு டாக்டர்கள் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். 'ஒற்றைப் புண்' என்று பெயரே தவிர, சிலருக்கு இரண்டு மூன்று இருக்கும். சிலருக்கு வெறும் சிவப்புத்தான் தெரியும்.

முக்கியக் காரணம், முக்குவதுதான். காலையில் பால் காய்ச்சி, டிபன் கட்டி, குழந்தைகளை அனுப்புகிற அவசரத்தில், வெளிக்குப் போகவேண்டும் என்ற உணர்ச்சியை "அப்புறம்" என்று அடக்கி விடுகிறோம். மலம் இறுகிப் போகிறது. பிறகு முக்கும்போது, தளர வேண்டிய தசை இறுகிக் கொள்ள, குடலின் உட்சவ்வு கீழே சரிந்து நசுங்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து அந்த இடம் புண்ணாகிறது. விரலை விட்டு மலத்தை எடுப்பதும் புண்ணாக்கும்.

டாக்டர் விளக்குப் பொருத்திய குழாயால் உள்ளே பார்ப்பார். கடுகளவு சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்புவார். பயப்படாதீர்கள், அந்த இடத்தில் கிள்ளுவது அநேகமாக வலிக்காது. பார்வைக்கு இந்தப் புண்ணும் புற்றுநோயும் சில சமயம் ஒன்று போலவே இருப்பதால், இந்தப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. கூச்சமாக இருந்தால் லேடி டாக்டரிடம் போகலாம்.

சிகிச்சையில் பாதி நம் கையில் இருக்கிறது. கீரை, காய், பழம், வேண்டிய மட்டும் தண்ணீர்; டாக்டர் சொன்னால் இசப்கோல். முக்கக் கூடாது. செல்போனோடு உட்கார்ந்து பொழுது போக்கக் கூடாது. மேல்நாட்டுக் கக்கூஸானால் காலடியில் ஒரு மணையைப் போட்டுக் கொள்ளுங்கள். தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சியும் உண்டு. குடலே வெளியே தள்ளினால் ஆபரேஷன் தேவைப்படலாம். புண் ஆற மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

உங்கள் மாமியாரையும் அம்மாவையும் இன்றே தனியாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.