விற்றவர் உடன்பிறந்தோர்

எகிப்தியச் சிறையில் இருந்த யோசேப்பு, மன்னனுக்குப் பானம் பரிமாறுவோரின் தலைவனிடம் தம் கதையை ஒரே வரியில் கூறுகிறார்: எபிரேயர் நாட்டிலிருந்து தாம் திருடிக்கொண்டு வரப்பட்டவர் என்று (தொடக்கநூல் 40:15). இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். அவரை எந்தக் கள்வனும் இருளில் வந்து தூக்கிச் செல்லவில்லை. உடன்பிறந்தோரே விலை பேசி, 20 வெள்ளிக்காசுக்கு வணிகரிடம் கொடுத்தனர். ஆயினும், விலைபோனவரின் நாவில் அது வாணிபமன்று, திருட்டு.

மோசேயின் சட்டமும் அவ்வாறே நோக்குகிறது. மாட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு ஐந்தாகத் திருப்பித் தரவேண்டும். மனிதனைத் திருடியவனுக்கோ, விற்றிருப்பினும் தன்னிடமே வைத்திருப்பினும், சாவே தண்டனை (விடுதலைப் பயணம் 21:16). மரண தண்டனையை இன்று திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும் அக்குற்றத்தின் கனம் அணுவளவும் குறையவில்லை. இணைச் சட்டம் 24-ஆம் அதிகாரத்தில் இச்சட்டத்திற்கு முந்திய வசனம் எது தெரியுமா? திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்பது. அது ஒருவன் உயிரையே அடகு வாங்குவதாகுமாம். அடகும் ஆள்திருட்டும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

நம் பட்டு நெசவுப் பகுதியில் இதற்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. கோர்வைச் சேலையின் ஒரு கரைக்கு நாடா தள்ளத் துணையாள் வேண்டும். காஞ்சிபுரத்திலும் சுற்றுப்புற நெசவு ஊர்களிலும் முன்பு அந்த இடத்தில் பல சிறுவர் அமர்ந்திருந்தனர். தகப்பன் வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை பிள்ளை தறிக்கு உரியவன். “பெற்றவரே சம்மதித்து விட்டாரே, சாமி” என்பர். யோசேப்பின் அண்ணன்மாரும் சம்மதித்தவரே!

பிள்ளையின் உழைப்பை அடமானம் வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே சட்டம் வந்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அக்கடனையே அழித்துவிட்டது. 2013-இல் திருத்தப்பட்டு, 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவாக உள்ள சட்டமோ, ஒருவரைச் சுரண்டுவதற்காக, அவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து இசைவு பெற்று அழைத்துச் செல்வதையும் ஆள்கடத்தல் என்கிறது.

இவை பழங்கதை என்போருக்கு ஒன்று கூறுவேன். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படத்தை நாளிதழ்களில் பலர் கண்டிருப்பீர்கள்.

வறுமையே தகப்பனை இதற்குத் தள்ளுகிறது என்பதை மறுப்பாரில்லை. அரசர் இரண்டாம் நூலில் (4:1-7) ஒரு கைம்பெண்ணின் இரு மைந்தரையும் அடிமைகளாக்கக் கடன்காரன் வருகிறான். எலிசா அவளை அண்டை வீடுகளில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார். அப்பாத்திரங்களில் நிறைந்த எண்ணெயை விற்றே கடன் தீர்ந்தது. பாத்திரம் கொடுத்த அண்டை வீட்டார் எவர் பெயரும் அங்கே எழுதப்படவில்லை. நம் தெருவில் அட்வான்ஸுக்குப் பிள்ளை போகிறது என்றறிந்தால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். கோட்டாட்சியரிடம் மனுவும் கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாதவர் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு இல்லத்திற்கு வாருங்கள்.